முதுகுவலிக்கு ஷாக்வேவ் சிகிச்சை: முதல் பரிசோதனை முதல் கடைசி அமர்வு வரை

"எங்கே வலிக்கிறது?" என்று கேட்டால் வாய் பதில் சொல்வதற்குள் கை முந்திக்கொள்கிறது. சிலர் உள்ளங்கையை இடுப்பில் அகலமாக வைத்து அங்குமிங்கும் தேய்க்கிறார்கள். சிலர் ஒற்றை விரலால் ஒரே இடத்தை அழுத்திக் காட்டுகிறார்கள். இன்னும் சிலர் பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக, முழங்காலையும் தாண்டிக் கணுக்கால்வரை கோடு இழுக்கிறார்கள். உடலுக்குள் அழுத்த அலைகளைச் செலுத்தும் ஷாக்வேவ் கருவியைக் கையாளும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கை காட்டும் குறிப்பை நான் எந்த ரிப்போர்ட்டுக்கும் குறைவாக மதிப்பதில்லை. முதல் இரண்டு வகையினருக்கு இந்தச் சிகிச்சை உதவக்கூடும். மூன்றாமவரிடம், கருவியின் சுவிட்சைத் தொடுவதற்கு முன் நான் கேட்டாக வேண்டிய கேள்விகள் பல இருக்கின்றன.

முதுகுவலியோடு பல மாதங்கள் அலைந்தவர்கள் ஷாக்வேவ் என்ற பெயரைக் கேட்டதும் ஒன்று பயப்படுகிறார்கள், இல்லையென்றால் அளவுக்கு மீறி நம்பிவிடுகிறார்கள். "மின்சார ஷாக் கொடுப்பீர்களா?" என்பது முதல் கேள்வி. "டிஸ்க் விலகியிருக்கிறது, அடித்தால் உள்ளே போய்விடுமா?" என்பது இரண்டாவது. (டிஸ்க் என்பது முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு.) இரண்டுக்கும் பதில் 'இல்லை' என்பதுதான். அப்படியானால் இது என்ன செய்கிறது, யாருக்குச் செய்கிறது, மேசையில் படுக்கும்போது என்ன நடக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், கருவியைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்த அலைகள் மருத்துவத்துக்குள் வந்தது சிறுநீரகக் கல் வழியாக. ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனத்தில், அதிவேக விமானங்களின் மேல் மழைத்துளி மோதும்போது உலோகத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தார்கள். மோதலில் எழும் அழுத்த அலை பொருளுக்குள் பயணித்துத் தொலைவில் சேதம் உண்டாக்குவதைக் கவனித்தார்கள். அந்த அறிவே பிறகு கல் உடைக்கும் கருவியாக உருவெடுத்தது. 1980 பிப்ரவரியில் மியூனிக் நகரில் முதல் நோயாளிக்கு, கத்தி வைக்காமல், வெளியிலிருந்தே சிறுநீரகக் கல்லை உடைத்தார்கள். 1991இல் பல்கேரிய மருத்துவர்கள், கூடாமல் நின்றுபோன எலும்பு முறிவுகளுக்கு இதே அலைகளைப் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டார்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் நாள்பட்ட குதிகால் வலிக்கு இத்தகைய ஒரு கருவியை அனுமதித்தது. தோள், முழங்கை, குதிகால் என்று பரவி, முதுகுக்கு இது பிற்பாடுதான் வந்து சேர்ந்தது.

கல்லை உடைத்த வரலாறு இருப்பதால், முதுகிலும் எதையோ உடைக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். முதுகுத் தசைக்குப் பயன்படுத்தும் ஆற்றல் அதைவிட மிகக் குறைவு. இங்கே எதுவும் உடைவதில்லை. தசையையும் தசைநாரையும் இயந்திர விசையால் திரும்பத் திரும்பத் தூண்டுகிறோம். அந்தத் தூண்டலைச் செல்கள் உணர்கின்றன, அந்த இடத்தில் இரத்த ஓட்டம் கூடுகிறது, வலியைக் கடத்தும் நுண்ணரம்புகளின் உணர்திறன் சிறிது காலத்துக்குத் தணிகிறது. ஆய்வகங்களில் இதுவரை கிடைத்திருக்கும் விளக்கத்தின் சாரம் இதுதான்.

கருவிகள் இரண்டு வகை. எந்த வகை என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும்.

பிசியோதெரபி மையங்களில் அதிகம் இருப்பது ரேடியல் வகை. கைப்பிடிக்குள் ஒரு குழாய், அதற்குள் சிறு உலோகக் குண்டு. அழுத்தப்பட்ட காற்று அந்தக் குண்டைத் தள்ளுகிறது. அது முனையில் போய் மோதுகிறது. மோதலின் அதிர்வு தோல் வழியே உள்ளே விரிந்து பரவுகிறது. விசை அதிகமாக இருப்பது தோலுக்கு மிக அருகில்தான். ஆழம் கூடக் கூட வேகமாகக் குறைந்துவிடும். இயற்பியலின் கறாரான கணக்குப்படி இதை அதிர்ச்சி அலை என்றே சொல்ல முடியாது. உண்மையான அதிர்ச்சி அலையில் அழுத்தம் சில நானோ விநாடிகளில் உச்சத்துக்கு ஏறும். இதில் மைக்ரோ விநாடிகள் ஆகும். 'அழுத்த அலை' என்பதே பொருத்தமான பெயர்.

இன்னொன்று ஃபோகஸ்டு வகை. மின்பொறி, மின்காந்தச் சுருள், மின்சாரம் கொடுத்தால் அதிரும் பீசோ படிகங்கள் ஆகியவற்றில் ஏதோ ஒன்றால் அலை உருவாகிறது. பூதக்கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியில் குவிப்பதைப் போல, அலை தோலைக் கடந்து உள்ளே குறித்த ஆழத்தில் குவிகிறது. அதனால் ஆழமான இடங்களையும் எட்டும். எட்டக்கூடாத இடங்களையும் எட்டிவிடும் என்பதால், இதைப் பிடிக்கும் கைக்குப் பயிற்சி இன்னும் கூடுதலாக வேண்டும்.

படி 1: உங்கள் வலியின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

வலியைச் சொல்லத் தமிழில் இருக்கும் சொற்கள் எனக்குப் பரிசோதனையில் பாதி வேலையைக் குறைத்துவிடுகின்றன. 'பிடிப்பு', 'இறுக்கம்', 'கல் வைத்தது போல் கனம்' என்றால் என் எண்ணம் தசையின் பக்கம் போகிறது. 'குடைச்சல்' என்றால் அதன் ஆழத்தைத் தேடுகிறேன். 'சுள்ளென்று இழுக்கிறது', 'மின்சாரம் பாய்ந்தது போல்', 'எறும்பு ஊர்கிறது', 'மரத்துப்போகிறது' என்றால் நரம்பைச் சோதிக்கிறேன். 'விண்விண் என்று தெறிக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது' என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன். ஆகவே பொதுவாக 'முதுகுவலி' என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வாயில் இயல்பாக வரும் சொல்லையே சொல்லுங்கள். காலையில் எழும்போதா, நாற்காலியிலிருந்து எழும்போதா, இருமும்போதா, நடக்க நடக்கவா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பின்வருபவற்றில் ஒன்று இருந்தாலும் ஷாக்வேவைப் பற்றிய பேச்சே அன்று வேண்டாம். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது கட்டுப்பாடின்றிப் போவது, மலம் கட்டுப்படாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றியும் தொடையின் உட்பக்கத்திலும் உணர்வு மங்குவது ஆகியவை அவசர நிலை. முதுகுத்தண்டின் கீழ்முனையிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளங்கள் இவை. மணிக்கணக்கில்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாதம் தொங்குவது, கால் பலம் குறைந்துகொண்டே வருவது, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்ட பின் வந்த வலி, நீண்ட காலம் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவருக்குத் திடீரென்று வந்த வலி, படுத்தாலும் ஓயாத இரவு வலி ஆகியவற்றுக்கும் முதலில் மருத்துவரின் பரிசோதனையே வேண்டும்.

வலி தொடங்கி இரண்டு மூன்று வாரங்கள்தான் ஆகின்றன என்றால் காத்திருங்கள். புதிதாக வந்த இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் முதல் 6 வாரங்களில் தானாகவே நன்றாகத் தணிந்துவிடும். அந்த நாட்களில் எந்தச் சிகிச்சை செய்தாலும் அதற்கே பெயர் கிடைத்துவிடும். 12 வாரங்களைத் தாண்டியும் வலி நீடித்திருந்தால் அதை நாள்பட்ட வலி என்கிறோம். ஷாக்வேவைப் பற்றி யோசிக்க வேண்டிய கட்டம் அதுதான்.

படி 2: ஸ்கேன் ரிப்போர்ட்டோடு நிதானமாகப் பேசுங்கள்

பெரிய உறையை நெஞ்சோடு அணைத்தபடி வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. 'டிஸ்க் பல்ஜ்', 'தேய்மானம்' என்ற இரண்டு சொற்களைப் படித்த நாளிலிருந்து குனியப் பயந்து, பேரக்குழந்தையைத் தூக்கப் பயந்து, முதுகைப் பலகைபோல் விறைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். அந்த விறைப்பே தசையை மேலும் இறுக்குகிறது.

2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களை ஆராய்ந்தது. வலியில்லாத 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானமும் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைப்பும் தெரிந்தன. 80 வயதில் இவை 96 சதவீதமும் 84 சதவீதமும். தலைமுடி நரைப்பது போல முதுகெலும்பும் வயதைக் காட்டுகிறது. ஆகவே படத்தில் தெரிவதுதான் வலிக்குக் காரணம் என்று உடனே முடிவுகட்ட முடியாது. காலின் பலம், உணர்வு, அனிச்சைச் செயல் ஆகியவற்றைச் சோதித்து, நோயாளி சொல்வதோடு படம் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

ஷாக்வேவ் எந்த வகையாக இருந்தாலும் விலகிய டிஸ்க்கை உள்ளே தள்ளாது. டிஸ்க் இருப்பது முதுகெலும்பின் பின்பக்க எலும்பு வளையத்துக்கும் நரம்புக் குழாய்க்கும் முன்னால், மிக ஆழத்தில். அங்கே நாங்கள் குறி வைப்பதுமில்லை, வைக்கவும் கூடாது. "டிஸ்க்கைச் சரிசெய்து தருகிறோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் இலக்கு முதுகெலும்பின் இருபுறமும் கயிறு போல் ஓடும் தசைகள், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே இருக்கும் சதுரத் தசை, பிட்டத் தசைகள், அவை எலும்பில் ஒட்டும் இடங்கள் ஆகியவையே.

படி 3: உங்களுக்குக் கூடாத காரணம் ஏதும் உண்டா?

மருத்துவ அதிர்வலைச் சிகிச்சைக்கான சர்வதேசச் சங்கம் வகுத்திருக்கும் பட்டியல் தெளிவானது. சிகிச்சை செய்யும் இடத்தில் புற்றுக்கட்டி இருந்தாலோ கரு இருந்தாலோ எந்த வகை அலையும் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இடுப்பில் இதைச் செய்யவே கூடாது. உயர் ஆற்றல் ஃபோகஸ்டு அலைக்கு இன்னும் கடுமையான தடைகள் உண்டு: அலையின் பாதையில் நுரையீரல், மூளை, முதுகுத்தண்டு, வளரும் பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சித் தட்டு ஆகியவை வரக்கூடாது. இரத்தம் உறைவதில் கடுமையான கோளாறு உள்ளவர்களுக்கும் கூடாது.

நுரையீரலை ஏன் தனியாகச் சொல்கிறார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. நீர் நிறைந்த திசுவில் அலை தடையின்றிப் போகும். காற்றைச் சந்திக்கும் எல்லையில் தன் ஆற்றலைத் திடீரென்று அங்கேயே இறக்கிவிடும். நுரையீரல் முழுக்கக் காற்றறைகள். அதனால் மேல் முதுகில், விலா எலும்புகளின் மேல் ஃபோகஸ்டு கருவியை வைக்க வேண்டிய நிலை வந்தால் ஆழமும் கோணமும் கணக்கிடத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

இவை தவிர, நீங்களாக வாய் திறந்து சொல்ல வேண்டியவை சில. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சொன்னால் போதும். அதே இடத்தில் அண்மையில் ஸ்டீராய்டு ஊசி போட்டீர்களா? பொதுவாக 6 வாரம் இடைவெளி விடச் சொல்வோம். பேஸ்மேக்கர் உண்டா? இதய மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. முதுகில் அறுவை செய்து திருகாணி வைத்திருக்கிறார்களா? எலும்பு மெலிவு நோய் கடுமையாக உள்ளதா? அப்படியானால் முள்ளெலும்பு நசுங்கியிருக்கவில்லை என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். நீரிழிவால் தோலின் உணர்வு மங்கியிருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஆனால் இந்தச் சிகிச்சையில் அளவைத் தீர்மானிப்பதே நோயாளியின் உணர்வுதான்.

படி 4: எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு ஷாக்வேவ் கொடுத்து நடத்திய ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தவர்கள், ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் வலி குறைவதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். ஒவ்வொன்றும் வேறு கருவி, வேறு அளவு, வேறு இடம். பலவற்றில் சிகிச்சையோடு உடற்பயிற்சியும் கலந்தே இருந்தது. ஓராண்டு கழித்து என்ன என்பதற்கான சான்று மெல்லியது. குதிகால் வலிக்கு இருக்கும் அளவுக்கு உறுதியான ஆதாரம் முதுகுக்கு இன்னும் சேரவில்லை. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில் நோயாளிக்கான விளக்கம், உடற்பயிற்சி, மசாஜ், உளவியல் உதவி போன்றவை பரிந்துரைகளில் இடம்பெற்றன. இடுப்புப் பட்டை, இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்டு சிகிச்சை ஆகியவற்றை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றது. ஷாக்வேவ் அதன் பரிந்துரைகளில் இல்லை.

அப்படியிருந்தும் நான் ஏன் செய்கிறேன்? தசையில் தெளிவான வலிப்புள்ளி உள்ளவர்களுக்கு, வலியால் உடற்பயிற்சியையே தொடங்க முடியாதவர்களுக்கு, இது சில வாரங்கள் வலியைத் தணித்துக் கொடுக்கிறது. அந்தச் சில வாரங்களில் அவர்களை நடக்கவும் குனியவும் பளு தூக்கவும் பழக்கிவிட முடிகிறது. சிகிச்சையின் பயனை அந்த வாரங்களில்தான் தேடுகிறேன். மேசையில் படுத்துவிட்டு வீட்டுக்குப் போய் மீண்டும் படுத்துக்கொள்கிறவருக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை.

படி 5: தொடங்கும் முன் அளவு எடுங்கள்

ஒரு தாளில் தேதி போடுங்கள். கடந்த ஒரு வாரத்தின் சராசரி வலிக்கு 0 முதல் 10க்குள் ஓர் எண் கொடுங்கள். பிறகு, வலி உங்களிடமிருந்து பறித்துக்கொண்ட மூன்று செயல்களை எழுதுங்கள்: எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, நின்றபடி குனிந்தால் விரல் நுனி தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் மேலே நிற்கிறது என்பதுபோல. எண்ணைவிட இந்தச் செயல்களை நான் அதிகம் நம்புகிறேன். எண் மனநிலையைப் பொறுத்து ஏறி இறங்கும். உட்கார்ந்த நிமிடங்கள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

படி 6: மேசையில் என்ன நடக்க வேண்டும்

குப்புறப் படுக்கச் சொல்வார்கள். வயிற்றுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் கீழ்முதுகின் வளைவு தளரும். சதுரத் தசைக்குச் சிகிச்சை என்றால் ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் உண்டு.

அடுத்து வருவது விரல். கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் குறைந்தது ஐந்து நிமிடமாவது விரல் உங்கள் முதுகில் நடக்க வேண்டும். எலும்பு விளிம்பிலிருந்து தொடங்கி, தசை நார்களுக்குக் குறுக்கே, மெல்லப் போக வேண்டும். இறுகிய இடம் விரலுக்கு அடியில் முறுக்கிய சணல் கயிறுபோல் உருளும். அதன் மேல் ஒரு புள்ளியை அழுத்தும்போது உடல் தானாகத் துள்ளும், மூச்சு நிற்கும். சில நேரம் வலி அந்த இடத்தோடு நிற்காமல் பிட்டத்துக்கோ தொடையின் வெளிப்பக்கத்துக்கோ பரவும். "இதுதான், இதேதான் ஆறு மாதமாக என்னைப் படுத்துகிறது" என்று நோயாளி சொல்லும் அந்தப் புள்ளியை நான் பேனாவால் குறித்துக்கொள்கிறேன். உங்களுக்குப் பழக்கமான வலியை அந்த விரல் எழுப்பவில்லை என்றால் அங்கே கருவியை வைப்பதில் பயனில்லை. முதுகைத் தொட்டுப் பார்க்காமல், சட்டையைச் சற்றுத் தூக்கி நேராகக் கருவியை வைப்பவரிடம் இந்தச் சிகிச்சையை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு ஜெல். குளிர்ச்சியாக, தாராளமாகத் தடவ வேண்டும். முனைக்கும் தோலுக்கும் இடையே காற்று இருந்தால் அலை உள்ளே போகாமல் அங்கேயே தங்கிவிடும். ஜெல் உலர்ந்துவிட்டால் நடுவில் நிறுத்தி மீண்டும் தடவச் சொல்லலாம், தவறில்லை.

ரேடியல் கருவி ஓடத் தொடங்கியதும் படபடவென்று தகரத்தில் கல்மாரி பெய்வது போன்ற ஒலி எழும். முதல் தடவை பலர் ஒலிக்கே பயந்து உடலை இறுக்கிக்கொள்கிறார்கள். அதனால் முதலில் என் உள்ளங்கையில் வைத்து ஓட்டிக் காட்டுகிறேன், அடுத்து அவர்களின் தொடையில் பத்துத் துடிப்புகள், அதன் பிறகுதான் முதுகு. 1.5 பார் (காற்றழுத்தத்தின் அலகு) அளவில் தொடங்கி, தாங்கக்கூடிய வேகத்தில் 2, 2.5 என்று ஏற்றுகிறேன். ஒரு பக்கத்துக்குச் சுமார் 2,000 துடிப்புகள் என்பது பலரும் கையாளும் அளவு. விநாடிக்கு 10 துடிப்பு என்றால் 3 நிமிடம் 20 விநாடியில் முடிந்துவிடும். இவ்வளவு குறைவான நேரமா என்று ஏமாற வேண்டாம், நேரத்தை நீட்டினால் பலன் கூடும் என்பதற்கு ஆதாரமில்லை. ஃபோகஸ்டு கருவியில் அளவை மில்லிஜூல் கணக்கில், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இவ்வளவு என்று குறிப்பார்கள். முதுகுத் தசைக்கு அந்தக் கணக்கின் கீழ்ப்பாதியிலேயே நிற்பது நல்லது.

வலிக்குமா? வலிக்கும். ஆனால் 10க்கு 5 அல்லது 6ஐத் தாண்டக் கூடாது. பற்களைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் சீக்கிரம் குணமாகும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படி இறுகிய தசைக்குள் நான் அடிப்பது அவர்களின் பயத்தைத்தான். "கொஞ்சம் குறையுங்கள்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. வலி தெரியாமலிருக்க மரத்துப்போகும் ஊசி போடுவதும் வேண்டாம். குதிகால் வலியில் நடந்த ஆய்வில், அப்படி ஊசி போட்டுச் செய்தவர்களுக்குப் பலன் குறைவாகவே கிடைத்தது. அதோடு, "அங்கேதான், இன்னும் கொஞ்சம் கீழே" என்று நீங்கள் வழிகாட்டுவதும் நின்றுபோகும்.

முனை எங்கே போகக் கூடாது என்பதையும் கவனியுங்கள். நடு முதுகில் புடைத்துத் தெரியும் முள்ளெலும்புகளின் மேல் நேராக வைக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கு அருகே சிறுநீரகம் இருப்பதால் அங்கே விசையையும் ஆழத்தையும் குறைத்தே ஓட்ட வேண்டும். பிட்டத்தின் நடுவே, காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு போகும் பாதையில் மின்சாரம் பாய்ந்தது போல் சுள்ளென்று கால்வரை இறங்கினால் உடனே சொல்லுங்கள். முனையை நகர்த்த வேண்டும்.

படி 7: அன்றும் மறுநாளும்

எழுந்ததும் பலருக்கு முதுகு இலேசாகிவிட்டதுபோல் இருக்கும். அந்த மகிழ்ச்சியில் வீட்டிலுள்ள பீரோவை நகர்த்திவிட்டு மறுநாள் நொந்து வந்தவர் ஒருவர் உண்டு. அந்த இலேசு சில மணி நேர மரமரப்பு. அன்று மாலையோ மறுநாளோ வலி சற்றுக் கூடலாம், தோல் சிவக்கலாம், சிறு சிவப்புப் புள்ளிகளோ கன்றலோ தோன்றலாம். ஓரிரு நாட்களில் அடங்கிவிடும். நடங்கள், வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள், ஆனால் கடும் பளு இரண்டு நாட்களுக்கு வேண்டாம். அழற்சி குறைக்கும் வலிமாத்திரைகளைச் சிகிச்சை நாட்களில் தவிர்க்கச் சொல்வது வழக்கம், திசு தன்னைச் சீர்செய்யும் வேலைக்கு அவை குறுக்கே வரலாம் என்ற எண்ணத்தில். வேறு நோய்க்காக மருத்துவர் எழுதிக்கொடுத்தவற்றை மட்டும் நிறுத்தக் கூடாது. வலி மூன்று நாள் தாண்டியும் கூடிக்கொண்டே போனாலோ, காலில் புதிதாக மரத்துப்போதல் வந்தாலோ, அடுத்த அமர்வுவரை காத்திருக்காமல் தெரிவியுங்கள்.

படி 8: அமர்வுகளுக்கு இடைப்பட்ட வாரங்கள்

வாரத்துக்கு ஒன்றாக 3 முதல் 6 அமர்வுகள் என்பதே வழக்கம். ஒவ்வொரு அமர்வுக்கும் நடுவே உள்ள ஆறு நாட்களை வீணாக்காதீர்கள் என்று என்னிடம் வருகிறவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முதல் வாரம் எளிமையாகப் போதும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்துவது, பத்து முறை. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி முதுகைப் பூனைபோல் மெல்ல உயர்த்தித் தாழ்த்துவது, பத்து முறை. தினமும் நடை, வலி 10க்கு 4ஐத் தாண்டாத அளவுக்கு.

இரண்டாம் வாரம் அதே ஊன்றிய நிலையில் வலது கையையும் இடது காலையும் நீட்டுவது, பிறகு மாற்றுவது. மூன்றாம் வாரத்திலிருந்து குனியப் பழக வேண்டும். சுவருக்கு ஓரடி முன்னால் முதுகு காட்டி நின்று, முழங்காலைச் சற்றே தளர்த்தி, பிட்டம் சுவரைத் தொடும்படி இடுப்பிலிருந்து மடங்குவது. பழகியபின் கையில் ஒரு வாளி, முதலில் காலியாக, பிறகு கால் பங்கு தண்ணீர், பிறகு அரை. வாரக்கணக்கில் குனியவே பயந்த ஓர் அம்மா அரை வாளித் தண்ணீரைத் தூக்கி வைத்துவிட்டு, முதுகைத் தானே தடவிப் பார்த்து, "ஒன்றும் ஆகவில்லையே!" என்று வியந்த முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அந்த வியப்பை எந்தக் கருவியாலும் கொடுக்க முடியாது.

வலி தணிந்த பின்னும் நடையை விடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடத்தி 2024இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகுவலி குணமானவர்களில் படிப்படியாக நடைப் பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்ப வர ஆன காலத்தின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) 208 நாட்கள். செய்யாதவர்களுக்கு 112 நாட்கள்.

படி 9: தொடர்வதா, நிறுத்துவதா

மூன்றாவது அமர்வு முடிந்து நான்காவதுக்கு வரும்போது அந்தப் பழைய தாளை எடுங்கள். வலி எண் குறைந்தது 2 புள்ளியாவது இறங்கியிருக்கிறதா? மூன்று செயல்களில் ஒன்றாவது கண்ணுக்குத் தெரியும்படி மாறியிருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். "இன்னும் ஆறு எடுத்துப் பாருங்கள்" என்று சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். மொத்தமாகப் பத்து அமர்வுக்கு முன்பணம் கட்டச் சொல்லும் ஏற்பாட்டை நான் ஆதரிப்பதில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த முடியாமல் அது நோயாளியைக் கட்டிப்போட்டுவிடும்.

பலனில்லாமல் போனால் உங்கள் மேல் தவறில்லை, வலியும் கற்பனையில்லை. மூலம் வேறிடத்தில் இருக்கலாம்: இடுப்பெலும்புக்கும் முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்புக்கும் நடுவேயுள்ள மூட்டு, நரம்பு, காலை விறைப்போடு வரும் அழற்சி வாதம், சில நேரம் தூக்கமில்லாமையும் மன அழுத்தமும். மருத்துவரிடம் திரும்பிப் போய் முதலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். கால்வரை கோடு இழுத்துக் காட்டிய ஒருவரைச் சோதித்தபோது கால் பெருவிரலைத் தூக்கும் பலம் குறைந்திருந்தது. அவருக்கு நான் ஓர் அமர்வும் செய்யவில்லை, கடிதம் எழுதி மருத்துவரிடம் அனுப்பினேன்.

பலன் கிடைத்தவர்கள் கடைசி அமர்வுக்குப் பின் 4ஆம் வாரமும் 12ஆம் வாரமும் அதே தாளில் மீண்டும் அளவு எடுங்கள். அலை தூண்டிவிட்ட மாற்றங்கள் மெதுவாக நடப்பதால், சிகிச்சை முடிந்த அன்றைவிடச் சில வாரங்கள் கழித்து எண் இன்னும் இறங்கியிருப்பதுண்டு. வலி என்றாவது திரும்பினால் தாளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். எங்கே வலிக்கிறது என்று மறுபடியும் கேட்பேன். உங்கள் கை அதே இடத்துக்குப் போகிறதா, வேறிடம் காட்டுகிறதா என்று பார்த்துத்தான் அடுத்ததைச் சொல்ல முடியும்.